பெருங்காயம்தான் என்றேன்

பெருங்காயம்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் வண்டி ஒரு வளைவில் திரும்பியது, ஜன்னலில் தெரிந்த மொட்டை மலைகளெல்லாம் ஒரேயடியாக இடப்பக்கம் போய்விட்டன, தாரணி "அப்படியா அத்தை" என்று மட்டும் கேட்டுவிட்டு இடுப்புக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான். ஏதோ வாசனை வருதே, கேஸ் கசியுதா என்று ஆறு மாசக் கர்ப்பிணி மருமகள் கேட்டாள், காலையில் ரசத்துக்குத் திறந்த டப்பா, பெருங்காயம்தான் என்று மாமியார் சொன்னாள், கதை முடிந்தது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் செழியன் திரும்பாமலே "அம்மா சொன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது" என்றான். அவன் பக்கத்து சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர், "அவ மூக்கு என்ன சாதாரண மூக்காடா, மோப்ப நாய் தோத்துரும்" என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்வதையே இந்தத் தேசத்திலும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வாசனை தெரியாது. இரண்டு வருஷமாக எனக்கு எந்த வாசனையும் தெரியாது. மல்லிகைப்பூ தெரியாது, மண்ணெண்ணெய் தெரியாது, என் தலையணை உறை தெரியாது. இது இந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு எந்த தைரியத்தில் பெருங்காயம்தான் என்றேன்? யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுகிற வாய் எனக்கு. மூக்கு போனதே தவிர வாய் போகவில்லை.

வீடு மாதிரி வண்டி இது. வாடகைக்கு எடுத்தது. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், கக்கூஸ், எல்லாம் உண்டு, எல்லாம் கையடக்கம். திரும்பினால் முழங்கை எதிலாவது இடிக்கும். வந்த இரண்டாம் நாள் நான் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்ததற்கு, அடுப்புக்குக் கீழே தரையோரம் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி வீல் வீல் என்று கத்தியது. அதுதான் கேஸ் அலாரமாம். புகைக்கு ஒன்று மேலே தனியாகக் கத்தியது. பக்கத்து வண்டியிலிருந்த வெள்ளைக்காரத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள். செழியன் சிரித்துக்கொண்டே, "அம்மா சமையலுக்கு இந்த ஊர் மெஷினெல்லாம் தாங்காது, அம்மா மூக்கே போதும்" என்று ஒயரைக் கழற்றி விட்டான். அம்மா மூக்கே போதும். அப்போது சொல்லியிருக்கலாம். ஏண்டா, அந்த மூக்கு செத்து இரண்டு வருஷம் ஆச்சு, ஒயரை மாட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. கரண்டியால் ரசத்தைக் கிண்டிக்கொண்டே பெருமையாக நின்றேன். இப்போது அந்த ஒயரின் நுனி பல்லிவால் மாதிரி தொங்குகிறது, வண்டி ஆட ஆட அதுவும் ஆடுகிறது, நான் அதையே பார்க்கிறேன். வேண்டாம், வெளியே பார்ப்போம். இந்த இடத்துக்குப் பேர் பேட்லேண்ட்ஸ், ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்று அர்த்தமாம். புல்வெளி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே தரை உடைந்து உள்ளே விழுந்த மாதிரி பள்ளம், பள்ளத்தில் முளைத்த மேடுகள், மேடு முழுக்கக் கோடு கோடாக ரோஸ், சாம்பல், காவி. மழையில் கரைந்த செங்கல் சூளை மாதிரி இருக்கிறது. ஒரு மரம் இல்லை. அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் இறங்கி நின்றபோது தாரணி மூச்சை இழுத்து, "புல் வாசனை எப்படி இருக்கு பாத்தீங்களா அத்தை, வெயில்ல காயிற வாசனை" என்றாள். ஆமாம்மா என்றேன். எனக்கு மூக்குக்குள் காற்று போய் வந்தது, ஜில்லென்று, அவ்வளவுதான். மூக்கு மூச்சு விட மட்டும் என்று ஆகிவிட்டது. அதுவும் ஒரு வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஊரெல்லாம் பரவிய அந்த ஜுரம் வீட்டில் எல்லாருக்கும்தான் வந்தது. அவருக்கு நாலு நாள் இருமல், எனக்கு மேல்வலி, அதோடு சரி என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடி வருகிறார், "ஏ மங்கை, என்னடி கருகுது" என்று. நான் அடுப்படியை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வற்றிக் கரியாகி, பாத்திரத்தின் அடி சிவந்துபோய் இருந்தது. உடனே வாய் சொன்னது, "கறை போகணும்னு சுட வெச்சிருக்கேன், உங்களுக்கு என்ன". அவர் நம்பிப் போய்விட்டார். நம்பாமல் என்ன செய்வார், மின்வாரியத்தில் சேர்ந்த காலத்திலிருந்து போட்ட மூக்குப்பொடியில் அவர் மூக்கு என்றைக்கோ பாதி மழுங்கிவிட்டது. அவருக்கே தெரிந்த கருகல் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்தேன். சீரகம், மிளகு, காப்பித்தூள், கடைசியில் பெருங்காயம். கட்டிப் பெருங்காயம், மூன்று கவர் சுற்றி வைத்தாலும் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவை வரைக்கும் போகிற சாமான். மூக்கில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வைத்து இழுத்தேன். தும்மல்தான் வந்தது. எதிர்வீட்டு லூர்து மேரிக்கும் இப்படித்தான் போனது, மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது. "உங்களுக்கு வந்துட்டா அக்கா" என்று கேட்டாள். வந்துட்டே என்றேன். சாத்தூரில் எங்கள் தெருவில் நெய்யில் டால்டா கலந்திருந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். செழியன் காலேஜ் லீவில் வந்து படியேறும்போதே, என்னடா குடிச்சிருக்கே என்று கேட்டவள் நான். அந்த மங்கையர்க்கரசிக்கு மூக்கு போய்விட்டதாம் என்று தெரு பேசினால் நன்றாகவா இருக்கும்? சமையலை விட்டுடு என்பார்கள். விட்டுவிட்டு என்ன செய்வேன்? சமையல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கை அளவு இருக்கிறது. கடுகு வெடிப்பது காதில் விழுகிறது, பருப்பு நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. ரசம் இறக்கியதும் அவர் முதல் வாய் வைக்கும்போது முகத்தைப் பார்ப்பேன். புருவம் மேலே போனால் பெருங்காயம் கம்மி. கண் மூடினால் சரி. இரண்டு வருஷமாக என் மூக்கு அவர் முகத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

பெருமை மட்டும்தான் காரணம் என்றால் பரவாயில்லை. பயமும் இருக்கிறது. கோவில்பட்டியில் என் கூடப்பிறந்த சௌந்தரம் அக்காவுக்கு முதலில் மூக்குதான் போனது. ஊசிப்போன சாம்பாரை இலையில் ஊற்றினாள், எல்லாரும் சிரித்தோம். அப்புறம் சாவியை வைத்த இடம், அப்புறம் மகள்களின் பெயர், இப்போது என்னைப் பார்த்தால் "வாங்க டீச்சர்" என்கிறாள். சிலருக்கு மறதி மூக்கில்தான் ஆரம்பிக்கும் என்று வாரப் பத்திரிகையில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கி எறிந்தேன், ஆனால் எழுதியது மட்டும் மறக்கவில்லை, அதுவே ஒரு நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன். குளிக்கும்போதெல்லாம் என்னோடு படித்தவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். தமயந்தி, பாக்கியலட்சுமி, ரெஜினா, ஊமைத்துரையின் தம்பி, அவன் பேர் என்ன, பேச்சிமுத்து, ஆமாம் பேச்சிமுத்து. வந்துவிட்டது. வராத நாளில் சோப்பு காய்கிற வரைக்கும் நின்று யோசிப்பேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? செழியனிடம் சொன்னால் நாளைக்கே ஆஸ்பத்திரி, ஸ்கேன். அவரிடம் சொன்னால் அவரும் அக்காவைத்தான் நினைப்பார், நினைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். பெருங்காயமா, கேஸா? எனக்கு இரண்டும் ஞாபகத்தில் இருக்கிறது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் லைட் போடுவதற்கு முன் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். ஒரு தடவை கேஸ் என்று பதறி, பக்கத்து வீட்டுப் பெருங்காயம் என்று தெரிந்து சிரித்திருக்கிறேன். அப்படியானால் பெருங்காயமாகத்தான் இருக்கும். காலையில் டப்பாவைத் திறந்தேன், மூடினேனா? மூடினேன். அழுத்தி மூடினேன், க்ளிக் என்று கேட்டது. அழுத்தி மூடிய டப்பாவிலிருந்து இவ்வளவு வாசனை எப்படி வரும்? சும்மா இரு, மூன்று கவரிலிருந்தே வரும் என்று இப்போதுதானே சொன்னாய். கண்ணாடி ஜன்னலை ஒரு விரற்கடை தள்ளினேன். "அம்மா, ஏசி ஓடுது, வெளியில அனலா இருக்கு, சாத்தும்மா" என்றான் செழியன். "எனக்குக் குமட்டுதுடா" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா, ஊர் வந்துரும்." சாத்தினேன். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. நெருப்பு இல்லாமல் ஒன்றும் ஆகாது. வண்டி இன்ஜினில் நெருப்பு உண்டா? அதை அவரிடம் கேட்டால் தெரியும், கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்.

ஊர் வருவதற்கு வெகுதூரம் முன்னாலிருந்தே சாலையோரம் பலகைகள் வந்தன. கொம்பு முளைத்த முயலைப் பார்க்க வாருங்கள், மரக்குதிரையில் ஏறிப் படம் எடுங்கள், சுடச்சுட ஆப்பிள் பை பலகாரம். செழியன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் கமெண்ட் அடித்துக்கொண்டு வந்தார். ஊர் என்று சொன்னாலும் ஒரு தெருதான். மரத்தில் உயரமாக முகப்பு வைத்து, பின்னால் போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகை. கடை வாசலில் தொப்பி போட்ட பொம்மை மனிதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவர் அவனிடம் போய் "சௌக்கியமா" என்று கேட்டு, அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இறங்குவதற்கு முன் நான், "கதவைத் திறந்து வெச்சிட்டுப் போவோம், காத்தாடட்டும்" என்றேன். "களவு போயிரும்மா" என்று பூட்டினான் செழியன். பெரிய கடை ஒன்றுக்குள் போனோம். ஒரு பக்கம் பூட்ஸ், ஒரு பக்கம் கல் மணி மாலைகள், சுவரெல்லாம் கொம்பு வைத்த முயல் தலை. யாரோ முயல் தலையில் மான் கொம்பை ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பார்க்க இவ்வளவு கூட்டம். தாரணி சோப்பு அடுக்கியிருந்த மேசைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஒரு பழுப்பு சோப்பை எடுத்து முகர்ந்தாள், கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது, என் மூக்கருகே நீட்டினாள். "எப்படி இருக்கு அத்தை?" நான் ஒழுங்காக, கண்ணை மூடி, நீளமாக இழுத்தேன். "நல்லா இருக்கும்மா. சந்தனம் மாதிரி." கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. இரண்டு சோப்பை எடுத்துக் கூடையில் போட்டாள். மேலே இருந்த சோப்பின் சீட்டை அப்போதுதான் படித்தேன். ஓடிக் களைத்த குதிரை என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. விளையாட்டுக்குச் செய்து விற்கிற சோப்பு. குதிரை வியர்வைக்குப் போய் சந்தனம் என்று சொல்லியிருக்கிறேன். காது மடல் சுட்டது. இவள் இப்போது செழியனிடம் சொல்லுவாள், அவன் சிரிப்பான், இல்லை, சிரிக்க மாட்டான், அதுதான் பயம். அவள் சொல்லவில்லை. பில் போட்டு வெளியே வந்து, வெயிலில் என் கூடவே மெதுவாக நடந்தாள். மற்ற நேரத்தில் வளவள என்று பேசுகிற பெண். நான் ஏதாவது பேசுவேன் என்று இடம் விட்டுக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. நானும் வாயைத் திறக்கத்தான் பார்த்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

பூட்டிய வண்டி, அவ்வளவு நேரம் வெயிலில் நின்ற வண்டி. செழியன் திறந்து முதலில் ஏறினான். அவர் வெளியே நின்றே, "மங்கை, ஒரு வாய் காப்பி போட்டாக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றார். "நான் போடுறேம்ப்பா, அம்மா இருக்கட்டும்" என்று செழியன் உள்ளே பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. தாரணி படியில் ஒரு கால் வைத்தாள், நின்றாள். "செழியன், மறுபடி அந்த வாசனை. இப்ப ரொம்ப அடிக்குது. இது கேஸ்." "எனக்கும்தான் அடிக்குது தாரு. பெருங்காயம். அம்மா அப்பவே சொல்லிட்டாங்கல்ல. உனக்கு இப்ப எல்லாமே வாசனைதான், நேத்து என் சட்டையில மீன் நாறுதுன்னே." இழுப்பறை திறக்கிற சத்தம். லைட்டர் அந்த இழுப்பறையில்தான் இருக்கும், நான்தான் வைத்தேன். "இல்ல செழியன்." "சரி, எதுக்கு வம்பு? அம்மா, நீ ஏறி வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லிரு, இவ நிம்மதியா இருப்பா." கையில் நீல லைட்டரோடு வாசலில் வந்து நின்றான். அவர் என்னைப் பார்க்கிறார், அவ சொன்னா முடிஞ்சுது என்கிற முகம். தாரணியும் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவளே சொல்லியிருக்கலாம், உங்க அம்மாவுக்கு மூக்கே இல்லை, குதிரையைச் சந்தனம்னாங்க என்று. சொல்லவில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில், எனக்காகக் காத்திருக்கிறாள். என் வாய் தயாராக இருந்தது. பெருங்காயம்தான், பெருங்காயம்தான் என்று நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது, அத்தனை பழக்கம். அக்கா முகம் வந்தது. வாங்க டீச்சர். வந்தால் வரட்டும். "லைட்டரைக் கீழ போடு" என்றேன். "என்னம்மா?" "போடுடா கீழ. இறங்கி வா. எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. அந்த ஜுரத்தோட போனது, ரெண்டு வருஷமா வரல. அப்ப சும்மா சொன்னேன். அவ சொல்றதுதான் சரி. அவ மூக்கைக் கேளு."

யாரும் கத்தவில்லை. நான் நினைத்து நினைத்துப் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. செழியன் லைட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான், வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து சிலிண்டரை அடைத்தான், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தான். மடக்கு நாற்காலிகளை நிழலில் போட்டு உட்கார்ந்தோம். செழியன், "எந்த இடம்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். அதற்கு மூக்கு வேண்டாம். நம் ஊரில் சிலிண்டர் போடுகிற பையன் ஒவ்வொரு தடவையும் செய்து காட்டுவதுதானே. "அந்தக் குதிரை சோப்பை எடும்மா" என்றேன். தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரில் நானே சோப்பைக் கரைத்து நுரையாக்கினேன். வண்டி நன்றாகக் காற்றாடியதும், செழியன் வெளியே போய் சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறக்க, அடுப்புக்குப் பின்னால் குழாய் சேருகிற இடத்தில் நுரையை வழித்துத் தடவினேன். முதல் மூட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு குமிழ் வந்தது, ஊதி ஊதிப் பெரிதாகி உடைந்தது, இன்னொன்று வந்தது. கண்ணால் பார்த்தேன். குலுங்கிக் குலுங்கி வந்ததில் திருகு இளகியிருக்கிறது. "அடைச்சிருடா" என்று குரல் கொடுத்தேன். அடைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை வாடகைக்கு விட்டவர்களுக்குப் போன் செய்தான், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு யாரும் சொல்லாமலே மண்டியிட்டு உட்கார்ந்து அந்த வெள்ளைப் பெட்டியின் ஒயரை மாட்டினான்.

அவர் பொடி டப்பியை எடுத்தார், திறக்காமலே வைத்துக்கொண்டார். "எங்கிட்டகூடச் சொல்லலியே மங்கை" என்றார். "அக்காவை நெனச்சுப் பயந்தேன்" என்றேன். சொல்லிவிட்டேன், இவ்வளவுதான் விஷயம், மூன்று வார்த்தை. அவர் என்னைப் பார்த்தார். நான் பயந்த அந்தப் பார்வைதான். ஆனால் அதைத் தாங்க முடிந்தது. "ரெண்டு வருஷமா எப்படிச் சமைச்சே?" "உங்க மூஞ்சியைப் பார்த்து." அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பொடி டப்பியைத் திறந்து, திரும்பி உட்கார்ந்து, தேவைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். கண்ணீர் வந்தால் பொடி மேல் பழி போடுகிற ஆள். ஊர்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டலாம். பேச்சிமுத்துவின் பெயர் இன்றைக்கு வந்ததே, அதையும் டாக்டரிடம் சொல்லலாம். தெருவில் ஒரு குடும்பம் மரக்குதிரை மேல் குழந்தையை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப்பக்கம் வெயிலில் ரோஸும் காவியுமாக அந்த நிலம் சும்மா கிடந்தது. தாரணி எழுந்து போய் வண்டிப் படியில் ஏறி, தலையை உள்ளே நீட்டி, நிதானமாக முகர்ந்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்டேன், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் கேட்டேன்.

"என்னம்மா வாசனை அடிக்குது?"

"ஒண்ணுமே அடிக்கல அத்தை."

"எனக்கும் அதேதான்" என்றேன்.